பாஞ்சாலையைக் கேட்காமல்

"யாரக் கேட்டு என் கொல்லையில எறங்குனீங்க?"

எழுபத்தெட்டாம் வருஷத்துத் தூறல் காலை. பாஞ்சாலை வந்து பார்த்தால், முற்றிய சாமைக்கு நடுவே வகிடு எடுத்ததுபோல் ஒரு பாதை! முதல் கதிர் சாமிக்குப் போகுமுன் ஜவ்வாது மலையில் யாரும் அரிவாள் வைப்பதில்லை. இவர்கள் வெட்டியே விட்டார்கள்.

ஒரு வெள்ளைக்காரர், ஜீப்பில் ஓர் அதிகாரி. பதில் சொன்னவன் மொழிபெயர்க்க வந்த சின்னப்பராஜ்.

"ரெண்டு நாட்டு சர்க்காரும் ஒப்பந்தம் போட்டிருக்குங்க. இங்க அபூர்வ தாது இருக்காம். வெளிநாட்டு ஃபேக்டரிக்கெல்லாம் அது தடையில்லாம போவணுமாம். நாளைக்கு இங்க குழி வெட்டுவாங்க..."

"ரெண்டு நாடு பேசிக்கிச்சு, சரி. கொல்லைக்காரி எங்கிட்ட யாரு பேசுனது? ஊருக்கு எளச்சவன் புள்ளையார் கோயில் ஆண்டியா?"

மழைத்துளி நின்ற இமைகளுக்குள் அப்படி ஒரு நெருப்பு... சின்னப்பராஜால் கண்ணை எடுக்க முடியவில்லை. வெள்ளைக்காரர் ஏதோ கேட்க, தடுமாறி இரண்டு வார்த்தை சொன்னான். அவர் மலர்ந்து சிரித்து அவளைக் கும்பிட்டார்.

"நான் திட்றேன்... அவரு கும்புடுறாரு! இன்னா சொன்னீங்க?"

"நீங்க... சந்தோசமா வரவேற்கிறதா சொன்னேன். இல்லன்னா வேலை போய்டும்ங்க."

"வெக்கமா இல்ல? என் சாமைய வெட்டுனது பத்தாதா? என் வாயையும் வெட்டணுமா?"

கோபத்திலேயே அவள் கண் கலங்கிவிட்டது. அதை அவனால் தாங்க முடியவில்லை. திரும்பினான். அவள் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் ஆங்கிலத்தில் கொட்டினான்.

வெள்ளைக்காரர் முகம் கறுத்தது. அறுவடை முடிந்து, ஊராரைக் கேட்கும்வரை குழி கிடையாது என்றார். அதிகாரியோ சின்னப்பராஜிடம் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "கெளம்பு."

சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றவனிடம் பாஞ்சாலை ஓடி வந்தாள். எதற்கு ஓடி வந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"என்னால வேலை போச்சா?"

"பொய் சொல்லித்தான காப்பாத்தி வச்சிருந்தேன்... போவட்டும். இத்தினி நாளா அடுத்தவங்க பேச்சத்தான் பேசுனேன். இது என் பேச்சு... உங்கள புடிச்சிருக்கு."

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"நீங்க சிலுவ போட்ட வேதக்காரரு. எங்கப்பா அரிவாள எடுப்பாரு."

"நாளைக்கே வந்து அவரக் கேக்கறேன்."

"அவரயா? மொதல்ல என்னக் கேக்க மாட்டீங்களா? எல்லாரும் ஒரே மாதிரிதானா?"

பஸ் வந்து நின்றது. அவன் ஏறவில்லை.

"பாஞ்சாலை... என்னக் கட்டிக்கிறியா?"

"கட்டிக்கிறேன்!" என்றாள், அப்போதும் கோபமாகத்தான்.