செத்தவருக்குச் சர்க்கரை 148!

டெலிபோன் அலறியது.

சர்க்கரை வார்டின் தலைமை நர்ஸ் ரிசீவரை எடுத்தாள்.

எதிரே பன்னிரண்டாம் படுக்கையில் ஒரு பிணம்! பக்கத்தில் இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவளையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், கண்காணிப்பு மையத்துல இருந்து பேசறேன்..."

கடலுக்கு அந்தப் பக்கத்து டாக்டரம்மா. ஐந்து நாட்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து நடத்தும் சர்க்கரை நோய்த் திட்டத்தில், எல்லா நோயாளிகளின் எண்களும் அவளுடைய கம்ப்யூட்டருக்குத்தான் போய்ச் சேரும்.

"பன்னிரண்டாம் படுக்கைக்காரர் இப்பத்தான் சாப்பிட்டாரா?"

"டாக்டர்... அவர் இறந்துட்டாரு. ஒரு மணி நேரமாச்சு."

மறுமுனையில் கீபோர்டைத் தட்டும் சத்தம்.

"விளையாடாதீங்க சிஸ்டர்! என் திரையில அவருக்குச் சர்க்கரை 148. ஏறிக்கிட்டே இருக்கு!"

நர்ஸ் வார்டுச் சுவரில் இருந்த பெரிய திரையைப் பார்த்தாள்.

படுக்கை 12... 148.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் மாறியது.

151!

"ஃபோனை ஸ்பீக்கர்ல போடும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "பேய்க்குச் சர்க்கரை வந்த கதையை நானும் கேக்கறேன்."

"இதுல கேக்க என்ன இருக்கு இன்ஸ்பெக்டர்?"

வார்டின் பெரிய டாக்டர் மேஜைக்குப் பின்னால் இருந்து எழுந்தார். குரலில் தேன் வழிந்தது.

"லேப்ல ரத்தத்தைப் பாத்தாச்சு. சர்க்கரை வெறும் பத்தொன்பது! அந்த நிலைமையில மூளை தாங்காது. காலையில இன்சுலின் போட்டது இந்த சிஸ்டர். அளவு ஏறிப்போச்சு. மாட்டிக்காம இருக்க கம்ப்யூட்டர்ல கையை வெச்சிருக்கா. பாஸ்வேர்டு அவளோடதுதானே? பாவம், குடும்பஸ்தி..."

"நாலு யூனிட்தான் சார் போட்டேன்! என் பாஸ்வேர்டு மானிட்டர்லயே ஒட்டியிருக்கு. நாங்க எல்லாரும் அதுலதான் வேலை பாக்கறோம்!"

"அது உன் தப்பு."

தப்புதான். ஆளுக்கொரு பாஸ்வேர்டு கேட்டு ஆறு மாதமாகிறது, வந்தபாடில்லை. இப்போது அந்தத் துண்டுக் காகிதம் அவளைக் கம்பிக்குள் தள்ளப் பார்க்கிறது.

வெளியே வராந்தாவில் இறந்தவரின் மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"வேர்த்துக் கொட்டுதுன்னு மூணு தடவை வந்து சொன்னேனேம்மா! திரையைப் பாத்துட்டு 112 இருக்கு, நல்லாத்தான் இருக்காருன்னு சொன்னியே... அவர் முகத்தை ஒரு தடவை பாத்தியா?"

பார்க்கவில்லை.

நோயாளியின் புஜத்தில் ஒட்டும் சின்ன வட்டப் பொத்தான், உள்ளே இருக்கும் மெல்லிய ஊசியால் சர்க்கரையை அளந்து அவர் பேரில் திரைக்கு அனுப்பும்; ரொம்ப இறங்கினால் அலாரம் அடிக்கும். அது வந்த நாளிலிருந்து விரல் நுனியில் ஊசி குத்திப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். பெரிய டாக்டரின் உத்தரவு! திரை சொன்னதை நம்பினாள். ஒரு மனுஷன் போய்விட்டார்.

"சிஸ்டர், லைன்ல இருக்கீங்களா?" டாக்டரம்மாவின் குரல் பதறியது. "அவர் மட்டும் இல்ல! ஏழு, ஒன்பது, பதினாலு, பதினஞ்சு, பதினெட்டு... இந்த அஞ்சு படுக்கையும் அதே 151! ஒரு மாசத்துக் கணக்கைப் பின்னால தள்ளிப் பாக்கறேன். ஆறு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காருது. ஆறு பேர் எப்படி ஒரே நேரத்துல சாப்பிட்டு, ஒரே நேரத்துல தூங்குவாங்க?"

நர்ஸ் ரிசீவரை அப்படியே மேஜையில் போட்டுவிட்டு ஓடினாள்!

"ஏய்! எங்க ஓடறே?" இன்ஸ்பெக்டரும் பின்னாலேயே ஓடினார்.

பதினாலாம் படுக்கை. கல்லூரி மாணவி. கண்கள் செருகியிருந்தன. நெற்றியில் முத்து முத்தாய் வியர்வை.

நர்ஸ் அவளுடைய விரலைக் குத்தினாள். கையடக்கக் கருவியில் ஒரு சொட்டு ரத்தம்.

திரையில் 151.

கருவியில்... 31!

"குளுக்கோஸ் ஊசி! சீக்கிரம்!"

மருந்து நரம்பில் ஏறியது. ஒரு நிமிடம்... இரண்டு... மூன்று...

மாணவி கண் திறந்தாள். "அக்கா... தண்ணி..."

நர்ஸ் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

மற்ற நர்ஸுகள் மீதி நான்கு படுக்கைக்கும் கருவியோடு பறந்தார்கள். இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாணவியின் புஜத்தில் இருந்த பொத்தானை நகத்தால் நெம்பினாள். பிய்ந்து வந்தது.

வெறும் மூடி! உள்ளே ஊசியும் இல்லை, ஒன்றும் இல்லை.

"அப்போ உள்ளே இருந்த சரக்கு எங்கம்மா?" இன்ஸ்பெக்டரின் குரலில் இப்போது கேலி இல்லை.

நர்ஸ் மேஜைக்குத் திரும்பி ரிசீவரை எடுத்தாள்.

"டாக்டர், அந்த ஆறு கோடும் ராத்திரியில எப்படி இருக்கு?"

"ஒன்பது மணிக்கு ஆறும் ஒண்ணா நின்னுடுது. காலையில எட்டு மணிக்கு, சேர்த்து வெச்ச கணக்கெல்லாம் ஒண்ணா வந்து கொட்டுது. உங்க வார்டுல நெட் சரியில்லைன்னு எழுதிக் குடுத்திருக்காங்களே?"

"நெட் சரியாத்தான் இருக்கு. பொத்தான்தான் ராத்திரியில வார்டுல இல்ல. வீட்டுக்குப் போயிட்டு வருது!"

அவள் மெதுவாகத் திரும்பினாள்.

"ஒன்பதுக்குப் போயி எட்டுக்கு வர்றவர் இந்த வார்டுல ஒருத்தர்தான். இந்த ஆறு பேருக்கும் நானே ஒட்டறேன்னு எங்களை வெளிய அனுப்பினவரும் அவர்தான். சார்... கோட்டைக் கழட்டுங்க!"

பெரிய டாக்டர் கதவை நோக்கி ஓரடி வைத்தார். இன்ஸ்பெக்டரின் கை அவருடைய காலரைப் பிடித்தது. கோட்டு கழன்றது. சட்டைக் கை சர்ரென்று கிழிந்தது.

இடது புஜத்தில் மூன்று பொத்தான்கள்.

வலது புஜத்தில் மூன்று!

"அடப்பாவி மனுஷா!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் யாரையும் கொல்லல..." டாக்டரின் தேன் குரல் உடைந்தது. "அந்த ஆறு பேருக்கும் எவ்வளவு வைத்தியம் பாத்தும் சர்க்கரை தாறுமாறா ஏறுது, இறங்குது, கட்டுக்குள்ள வரல. அஞ்சு நாட்டுலயும் நம்ம வார்டுதான் முதல்ல வரணும்னு... அடுத்த மாசம் எனக்கு மேடையில பாராட்டு..."

"அவர் வேர்த்துத் துடிச்சப்ப திரையில ஓடினது உங்க சர்க்கரை சார்!" நர்ஸ் கத்தினாள். "அலாரம் அடிச்சிருந்தா ஓடிப் போயிருப்பேனே! பிழைச்சிருப்பாரே!"

வராந்தாவில் அழுகை சட்டென்று நின்றது. இறந்தவரின் மனைவி வாசலில் நின்று டாக்டரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திரையில் ஆறு எண்களும் ஒன்றாக ஏறின. 163...

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"ஆறு பேருக்குப் பதிலா நீங்களே பேஷன்ட்டா இருந்தீங்க. சரி! ஆனா கம்பி எண்ணும்போது எங்க ஸ்டேஷன்ல ஒரு பழக்கம் டாக்டர்... அவங்கவங்க கம்பியை அவங்கவங்களேதான் எண்ணணும்!"