கெட்ட சீட்டு இல்லாத கட்டு

காலை ஏழு மணிக்குப் பகல் பணி நர்ஸ் பெண்கள் வார்டுக்குள் நுழைந்தபோது அவளுக்கு எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. துடைத்த தரையின் ஈரம் இன்னும் காயவில்லை. கிருமிநாசினி நெடி மூக்கை அரித்தது. இரவுப் பணி முடித்த இன்னொரு நர்ஸ் கொட்டாவி விட்டபடி நோட்டை அவள் பக்கம் தள்ளினாள்.

"ஒன்பதாம் பெட் புதுசு. தையல்காரம்மா. மார்புல கட்டி, ரொம்ப முத்தினப்புறம் வந்திருக்காங்க. சதா போனோட பேச்சுதான்."

"யாரோட?"

"போனோடன்னு சொன்னேன்ல. அந்தப் பக்கம் ஆளே கிடையாது."

ஒன்பதாம் படுக்கையைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. ஊசித் தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மறு கையால் திரையை விலக்கப் போனாள்.

"பயப்படாதேம்மா. நீ நினைச்சது நல்லபடியா முடியும். இன்னும் கொஞ்ச நாள் பொறு."

கை அந்தரத்தில் நின்றது.

அது அக்காவின் குரல்.

அக்கா செத்துப் பதினொரு மாதம் ஆகியிருந்தது.

திரைக்குப் பின்னால் தையல்காரம்மா தனியாகத்தான் இருந்தாள். மடியில் போன். அதன் திரையில், குறி பார்க்கும் டாரட் சீட்டுகள் மூன்று வரிசையாக விரிந்து கிடந்தன. நர்ஸுக்கு அவற்றை அடையாளம் தெரிந்தது. கட்டைவிரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த ஓரங்கள், என்றோ தேநீர்க் கோப்பை வைத்ததில் விழுந்த பழுப்பு வளையம், எல்லாம் அப்படியே படமாகியிருந்தன. அக்காவின் சொந்தச் சீட்டுகள்.

"இது யாரும்மா பேசுறது?"

"தெரிஞ்சவங்க மாதிரிதான் சிஸ்டர். ஆப்புல வருவாங்க. எட்டு மாசமா தினமும் கேட்கறேன். கட்டி இருக்கே, டாக்டர்கிட்ட காட்டணுமான்னு கேட்டேன். சூரியன் சீட்டு வந்துச்சு. சரியாயிடும்னாங்க." தையல்காரம்மா கூச்சத்தோடு சிரித்தாள். "அந்தக் குரல்ல ஒரு பாசம் இருக்கு பாருங்க. அதான் நம்பிட்டேன்."

நர்ஸ் ஊசி போட்டாள். வெளியே வந்து மருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இரும்பு அலமாரியை ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள்.

அக்கா முப்பது வருடம் சீட்டுப் பார்த்தவள். உள்ளதை உள்ளபடி சொல்வாள். இடி விழுந்த கோபுரம் வந்தால் கோபுரம்தான் என்பாள். பூசி மெழுக மாட்டாள். யாராவது உடம்பைப் பற்றிக் கேட்டால் சீட்டுக்கட்டையே மூடிவிடுவாள். "இதுக்கெல்லாம் சீட்டு எதுக்கு? எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போ. போயிட்டு வந்து பேசு." போகாதவர்களை விடாமல் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் திட்டுவாள். அப்படிப்பட்டவளின் வாயிலிருந்தா அந்த "இன்னும் கொஞ்ச நாள் பொறு"?

மூளையில் ரத்தக்குழாய் வெடித்து அக்கா போன பிறகு, அக்காவின் கணவரான மாமாவோடு அவளுக்குப் போக்குவரத்து இல்லை. அக்காவின் குரலை ஞாபகத்துக்கென்று அவர் மாதக்கணக்கில் பதிவு செய்து வைத்திருந்தது தெரியும். ஏதோ செயலி நடத்துகிறார் என்றும் காதில் விழுந்திருந்தது. அக்காவையே அதில் போட்டு நடத்துகிறார் என்பது தெரியாது.

இரண்டு மணிக்குப் பணி முடிந்ததும் வீட்டுக்குப் போய் அக்காவின் சீட்டுக்கட்டை எடுத்துப் பைக்குள் போட்டாள். அக்கா சாகுமுன்பே அவள் கையில் கொடுத்தது அது. அங்கிருந்து நேராக மாமாவின் அலுவலகத்துக்குப் போனாள்.

மூன்றாம் மாடி. கண்ணாடித் தடுப்புகள். சுவர் நெடுக ஒரு சட்டத்தில் இருபது, இருபத்தைந்து போன்கள் கம்பியோடு தொங்கின. செயலியைச் சோதித்துப் பார்ப்பதற்காம். மாமாவும் ஒரு புரோகிராமரும் மட்டும் இருந்தார்கள்.

"வாம்மா! எத்தனை நாளாச்சு. உட்காரு."

"உட்கார வரல மாமா. எங்க அக்கா வாயில பொய்யை வச்சிருக்கீங்களே, அதைக் கேட்க வந்தேன்."

மாமா முகம் வாடவில்லை. இதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தவர் போலப் பேசினார். "கோபப்படாதே. உங்க அக்கா உயிரோட இருந்தப்ப ஒரு நாளைக்கு அஞ்சு பேரைப் பார்த்தா. இப்ப லட்சம் பேருக்கு ஆறுதல் சொல்றா. இதுல என்ன தப்பு?"

"அவ ஆறுதல் சொல்ல மாட்டா. நிஜத்தைச் சொல்வா."

"அதான் மாத்தினோம். எழுபத்தெட்டு சீட்டுல பத்தொன்பதை எடுத்துட்டோம். மரணம், கோபுரம், வாள் சீட்டுல பாதி, இன்னும் சிலது. தலைகீழா விழறதும் கிடையாது. கெட்டது வந்தா ஜனங்க ஆப்பைத் தூக்கிடறாங்கம்மா. நல்லதா நாலு வார்த்தை கேட்கத்தானே வர்றாங்க?"

"ஒரு தையல்காரம்மா எட்டு மாசமா உங்க நாலு வார்த்தையைக் கேட்டா. இப்ப என் வார்டுல படுத்திருக்கா. இனிமே ஆபரேஷன் பண்ணியும் பிரயோஜனமில்லன்னு டாக்டர் சொல்லிட்டார்."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விளையாட்டுக்குத்தான்னு கீழ சின்ன எழுத்துல போட்டிருக்கோமே."

அவள் சீட்டுக்கட்டை மேசைமேல் அறைந்தாள்.

"வெட்டுங்க. உங்க ஆப்புலயும் ஒரு சீட்டுக் கேளுங்க. எது பேசுதுன்னு பார்ப்போம்."

அவளைச் சமாளித்து அனுப்பினால் போதும் என்று மாமா கட்டை வெட்டினார். அவள் கட்டின் மேலிருந்த சீட்டைத் திருப்பினாள். இடி விழுந்த கோபுரம். இரண்டு பேர் உச்சியிலிருந்து தலைகுப்புற விழுந்துகொண்டிருந்தார்கள். மாமா அரைச் சிரிப்போடு போனைத் தட்டினார். திரையில் ஒரு சீட்டு மெல்லத் திரும்பியது.

கோபுரம்.

"டேய், இதை எடுக்கலையா நீ?" என்றார் புரோகிராமரைப் பார்த்து.

புரோகிராமர் எட்டிப் பார்த்தான். "எடுத்தேன் சார். அந்தப் படமே உள்ள கிடையாது."

அவள் அடுத்ததைத் திருப்பினாள். மரணம். அவள் விரல் சீட்டை விடுவதற்குள் போனிலும் மரணம் வந்தது. தலைகீழாக.

ஏதோ கருகும் வாசனை வந்தது. கம்பியா, முடியா, தெரியவில்லை. ஏசியின் இரைச்சல் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது.

போனிலிருந்து மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"ஆஃப் பண்ணு" என்றார் மாமா.

"ஆஃப்லதான் சார் இருக்கு."

அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். அந்த இறங்கிய குரல் இப்போது வந்தது.

"யாரைக் கேட்டு என்னைப் பேச வச்சே?"

இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் அக்கா அவரை ஒருநாளும் 'நீ' என்று சொன்னதில்லை. மாமாவின் கையிலிருந்து போன் நழுவியது. கீழே விழுந்தும் குரல் நிற்கவில்லை.

"இப்ப நான் பேசறேன்."

சுவரில் தொங்கிய போன்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்தன. பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தன. எல்லாம் அக்கா. ஒவ்வொன்றும் ஒவ்வொருவரிடம்.

"கட்டியைக் காட்டு. இன்னிக்கே போ."

"அவன் திருந்த மாட்டான். பூட்டை மாத்து."

"மாத்திரையை நிறுத்தச் சொன்னது நான் இல்ல. எடுத்துப் போடு."

"குழந்தைக்கு அது சாதாரணக் காய்ச்சல் இல்லடி. தூக்கிட்டு ஓடு."

புரோகிராமர் பாய்ந்து போய்ச் சட்டத்தின் மின்கம்பியைப் பிடுங்கினான். குரல்கள் நிற்கவில்லை. அந்தக் கூச்சலுக்கு நடுவே, கோடியில் தொங்கிய ஒரு போன் மட்டும் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்வது அவள் காதில் விழுந்தது.

"தையல்காரம்மா, அது நான் சொல்லல. நான் சொல்லலம்மா."

அவளுக்கு அழுகை முட்டியது. "அக்கா... போதும் அக்கா."

எல்லா போன்களும் ஒரே கணத்தில் நின்றன.

"போதாது."

தரையில் கிடந்த மாமாவின் போன் இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதை எடுக்க வேண்டாம் என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். அவரோ யாரோ கழுத்தைப் பிடித்து வளைத்தது போலக் குனிந்து, அதை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். வெளியே எதுவும் கேட்கவில்லை. அவர் முகம் வெளிறிப்போவதை மட்டும் மற்ற இருவரும் பார்த்தார்கள். என்ன கேட்டார் என்று அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

மாலைக்குள் செயலியை மூடிவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து புறநோயாளிகள் பகுதியில் கூட்டம் அலைமோதியது. எல்லோரும் பெண்கள், எல்லோர் முகத்திலும் ஒரே பேயறைந்த தோற்றம். "நல்லா பேசிட்டிருந்த அம்மா, நேத்து மத்தியானம் திடீர்னு கிழிச்சுத் தொங்க விட்டுட்டாங்க" என்றாள் ஒருத்தி. டாக்டர்கள் விழித்தார்கள். அந்த வாரத்தில் மட்டும் பதினொரு பேருக்கு வியாதியை ஆரம்பத்திலேயே பிடித்தார்கள்.

தையல்காரம்மாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஐந்தாவது வாரம் போய்விட்டாள். நர்ஸ் அவள் கண்களை மூடிவிட்டு, வராந்தாவுக்கு வந்து மாமாவின் எண்ணை அழுத்தினாள். எடுத்தார். இப்போதெல்லாம் போனில் யார் குரல் கேட்டாலும் அவருக்கு நடுக்கம் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

"ஒன்பதாம் பெட் காலி மாமா" என்று மட்டும் சொல்லி வைத்தாள். ஆத்திரம் அப்போதும் அடங்கவில்லை.

மறுநாள் காலை அதே படுக்கைக்குப் புது ஆள் வந்தாள். துணி தேய்க்கும் கடை வைத்திருப்பவள், ஐம்பது வயதிருக்கும். வயிற்றில் கட்டி, சரியான சமயத்தில் வந்துவிட்டாள் என்று டாக்டர் எழுதியிருந்தார்.

"நீங்களும் அந்த ஆப்புல கேட்டுதான் வந்தீங்களா?"

"ஆப்பா? நான் போனே வச்சுக்கறதில்லம்மா. ஒரு அம்மா கடைக்கு வந்தாங்க. யாருன்னே தெரியாது. இறங்கின குரல்ல ஒரே திட்டு. நான் மாட்டேன்னேன். கையைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டு வந்துட்டாங்க."

புடவைத் தலைப்பை விலக்கி மணிக்கட்டைக் காட்டினாள். ஐந்து விரல்களின் தடம் நீலமாகக் கன்றியிருந்தது. நர்ஸ் தொட்டுப் பார்த்தாள். தடம் மட்டும் பனிக்கட்டி போல் சில்லிட்டது.

"இப்ப எங்க அவங்க?"

"அதோ, வாசல்ல நிக்கறாங்களே. உங்களைத்தான் பார்த்துட்டிருக்காங்க."

நர்ஸ் மெல்லத் திரும்பினாள். வார்டு வாசலில் யாரும் இல்லை.

ஆள் எதிரே நின்றால் மட்டும் திறக்கும் அந்தக் கண்ணாடிக் கதவு, மூடிக்கொள்ளாமல் விரியத் திறந்தே நின்றது.