கணக்கில் விட்டுப்போன ஆள்

எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கோடையில் ராசிபுரத்துப் பக்கம் மழை என்ற பேச்சே மறந்துபோயிருந்தது. கிணறெல்லாம் வறண்டு, எப்போதாவது வரும் தண்ணீர் லாரியைத்தான் தெருவே நம்பிக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து வசந்தாமணியின் அப்பா சென்னியப்பன் விடுப்பில் வந்து சேர்ந்தார். விவசாயம் கைவிட்டதும் மெட்ராஸுக்குப் போய், சரக்குக் கப்பலில் சமையல்காரராகச் சேர்ந்தவர். தண்ணீர்க் கணக்கில் தன்னை விட்டால் ஆளில்லை என்று அவருக்கு நினைப்பு.

"கப்பல் கிளம்பறதுக்கு முன்னாலயே கணக்குப் போட்டுருவோம் சாமி," என்று மகளிடம் பெருமையாகச் சொன்னார். "எத்தனை ஆளு, எத்தனை நாளு, குடிக்க எவ்வளவு, சோறாக்க எவ்வளவு. கப்பல் வழியில நின்னுபோனா சமாளிக்கறதுக்குக் கொஞ்சம் மிச்சம்."

வீட்டிலும் அப்படியே செய்தார். அம்மா, அப்பா, வசந்தாமணி என்று மூன்று பேருக்கும் சொம்பால் அளந்து வைத்தார். லாரி வராவிட்டால் உதவும் என்று ஒரு குடத்தை மூடி வைத்தார். கணக்குக் கச்சிதமாக வந்தது.

கட்டுத்தறியில் செவலைப் பசு கத்தியது.

"செவலையை உட்டுப்போட்டீங்களே அப்பா," என்றாள் வசந்தாமணி.

அப்பாவின் கையில் சொம்பு அப்படியே நின்றது. மாடு கட்டிப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவருக்குக் கப்பல் சோறு மாட்டையே மறக்கடித்திருந்தது. மறுபடி மறுபடி அளந்து பார்த்தார். எப்படிப் பிரித்தாலும் ஒரு பசுவின் தாகத்துக்குப் போதவில்லை.

"நாளைக்குக் காத்தால சின்னுசாமி வாராரு. ஓட்டிக்கிட்டுப் போகட்டும்," என்றார் கடைசியில், யார் முகத்தையும் பார்க்காமல்.

சின்னுசாமி மாட்டுத் தரகர். இந்தப் பஞ்சத்தில் அவர் ஓட்டிப்போன மாடு எதுவும் இன்னொரு தொழுவத்துக்குப் போகவில்லை என்பது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வசந்தாமணி தன் பங்குத் தண்ணீரைச் செவலைக்கு வைத்தாள். அது ஒரே உறிஞ்சில் குடித்துவிட்டு, காலிப் பாத்திரத்தை நக்கிக்கொண்டே இருந்தது. அவளுக்கு அழுகை பொங்கி வந்தது. தொண்டை வறண்டு, அழக்கூடத் தெம்பில்லை.

ஊர்க்கோடி உப்புக்கிணற்றில் மட்டும் தண்ணீர் கிடந்தது. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. ஒரு வாளி இறைத்து வந்து வைத்தாள். செவலை முகர்ந்து பார்த்து மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று கட்டுத்தறியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே அம்மா அரிசி களைந்த கழுநீரில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. முன்பெல்லாம் தெருவே தன் கழுநீரைச் செவலையின் தொட்டியில்தான் கொட்டும். தண்ணீருக்குத் தட்டுப்பாடு வந்த பிறகு எல்லோரும் அதிலேயே பாத்திரம் கழுவினார்கள்.

"ஏனுங்கப்பா, கப்பல்ல வட்டில் எதுல கழுவுவீங்க?"

"கடல் தண்ணியிலதான். நல்ல தண்ணியைத் தொட்டா கேப்டன் தோலை உரிச்சுப்போடுவாரு."

வசந்தாமணி வாளியைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக் குப்பாயி அத்தையிடம் ஓடினாள்.

"அத்தை, பாத்திரம் கழுவ இந்த உப்புத் தண்ணி தாரேனுங்க. உங்க கழுநீரைச் செவலைக்குக் குடுங்க."

"உப்புத் தண்ணியில கழுவினா வட்டிலெல்லாம் வெள்ளையாப் பூத்துப்போயிருமே, கண்ணு."

"கப்பல்ல கடல் தண்ணியிலயே கழுவறாங்களாமுங்க."

அத்தை சிரித்துவிட்டாள். "அப்ப நானும் கப்பல் ஏறிட்டேன்னு சொல்லு."

வீடு வீடாக உப்புத் தண்ணீர் போனது, கழுநீர் வந்தது. அப்பாவும் ஒரு குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மகளுக்குப் பின்னால் நடந்தார். பொழுது சாயும்போது தொட்டியில் கழுநீரை ஊற்றி, தொட்டி நிறைவதற்காக மேலே கொஞ்சம் உப்புத் தண்ணீரும் கலந்தாள் வசந்தாமணி.

செவலை முகர்ந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தது. பிறகு அது மூக்கு முங்க வாயை வைத்துக் குடித்தது.

காலையில் சின்னுசாமி கயிற்றோடு வாசலில் நின்றார்.

"கணக்குல ஒரு ஆளை உட்டுப்போட்டனுங்க," என்றார் அப்பா. "எம்புள்ளை சேத்திப்போட்டா. நீங்க போயிட்டு வாங்க."