அசல் அழுக்கு

வாட்ச் இறுக்குகிறது என்று அக்கா தொலைபேசியில் சொன்னபோது அவனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அக்காவின் மணிக்கட்டு குச்சி மாதிரி இருக்கும். செத்துப்போன அத்தானின் வாட்சோ கனமானது, பெரியது. போன வாரம் அவன் கண்ணெதிரில் அதைக் கட்டிக்கொண்டு அவள் கையைத் தூக்கியபோது, அது முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போனது.

"கொக்கியைத் தப்பா மாட்டியிருப்பேக்கா. கழட்டிட்டு மறுபடி போடு."

"நான் எங்கடா போட்டிருக்கேன்? அது மேசை மேல இருக்கு."

"அப்புறம் எதை இறுக்குது?"

மறுமுனையில் மேசை மேல் எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது.

"அதான் எனக்கும் தெரியல. நீ வந்து பாரு. நீதானே இதுல கெட்டிக்காரன்."

கெட்டிக்காரன்தான். அவன் வேலை பார்ப்பது பொய்ப்பல் செய்யும் கூடத்தில். பளீரென்று வெள்ளையாக ஒரு பல் செய்தால் எவனும் நம்பமாட்டான். ஈறுக்குப் பக்கத்தில் லேசாக மஞ்சள் ஏற்ற வேண்டும், நடுவில் மயிரிழை போல ஒரு கீறல் விட வேண்டும். குறை வைத்தால்தான் பொய் நிஜமாகும். இந்தப் பாடத்தை அவன் வீட்டுக்குக் கொண்டுபோய் வேறொன்றில் வைத்துப் பார்த்தான். பணக்காரர்கள் கட்டும் வாட்சுகளின் போலிகளை வாங்குவான். வாங்கியதை அப்படியே விடமாட்டான். தேதி எண் ஒரு நூல் தடித்திருந்தால் தகட்டையே மாற்றுவான். புது எஃகை உரசிப் பழசாக்குவான். பின்மூடியின் விளிம்பில் ஒரு சிறு பள்ளம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கட்டைவிரலால் தடவித்தான் பிடிக்க வேண்டும். அதில் கத்திமுனையை வைத்து ஒரு நெம்பு நெம்பினால் டப்பென்று திறந்துகொள்ளும். அந்தச் சத்தத்தில் அவனுக்கு ஒரு சொக்கு.

இதே பைத்தியம் பிடித்த எட்டுப் பேர் கொண்ட குழு ஒன்று அலைபேசியில் இருந்தது. அங்கே அவனுக்கு 'ஊசிக்கண்' என்று பெயர். "உனக்குப் பொண்ணு பார்க்கப் போனா, பொண்ணையும் பூதக்கண்ணாடி வச்சுத்தான்டா பார்ப்பே" என்று ஓட்டுவார்கள். அத்தானும் சளைத்தவர் இல்லை. "என்ன மச்சான், மணியையாவது நிஜமா காட்டுதா உன் வாட்சு?" என்பார். அவர் கையில் இருந்தது அசல். இருபத்தைந்து வருட வேலைக்குக் கம்பெனி பரிசாகப் போட்டது.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவன் இருவருக்கும் விளக்கினான். "போலியில ஒரே ஒரு அசல் உதிரியைப் போட்டுப் பாருங்கத்தான். போடற வரைக்கும் எல்லாம் ஒழுங்கா இருக்கும். அசல் முள்ளைப் போட்டதும், பக்கத்துல இருக்கற டயல் நான் பொய்னு பல்லைக் காட்டும். டயலை மாத்தினா கண்ணாடி பல்லைக் காட்டும். தொட்டா கடைசி வரைக்கும் போகணும். நடுவுல நிறுத்த முடியாது."

அத்தான் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள்.

வேலை விஷயமாக வெளியூர் போன இடத்தில், தங்கியிருந்த அறையில் அத்தான் செத்துப்போனார். ஐந்தாம் நாள்தான் கதவை உடைத்தார்கள். கோடை. ஜன்னல் சாத்தியிருந்தது. பெட்டியை மூடியே கொண்டுவந்து மூடியே எடுத்துப் போனார்கள். அக்காவுக்கு முகம் காட்டவில்லை. அவளிடம் வந்து சேர்ந்தது ஒட்டிய பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு வாட்ச் மட்டும். உறையைப் பிரிக்காமலே தம்பியிடம் நீட்டினாள். "பார்த்துச் சரிபண்ணிக் குடுடா. எனக்குன்னு அவரா இருக்கறது இது ஒண்ணுதான்."

அவனுக்கும் அக்கா ஒருத்திதான். அம்மா போனபின் அவனுக்குத் தலை வாரிவிட்டவள், சோறு ஊட்டியவள், பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனவள்.

இருந்தும் செய்தான். அதே மாதிரியில் அவனிடம் ஒரு போலி இருந்தது. இரண்டு வருடம் இழைத்து இழைத்துச் செய்தது, அவன் செய்ததிலேயே உசத்தி. அசலை அதன் பக்கத்தில் வைத்த கணத்தில் முடிவாகிவிட்டது: அசல் தனக்கு, போலி அக்காவுக்கு. அத்தானின் வாட்ச் கொக்கியில் கார் கதவு இடித்த ஒரு வடு உண்டு. அதைப் போலியில் கீறினான். கண்ணாடி ஓரத்துச் சில்லைப் பெயர்த்தான். எல்லாம் முடிந்தபின் ஒன்று மட்டும் இடித்தது. அக்கா வாட்சை முதலில் பார்க்கமாட்டாள். முகர்ந்து பார்ப்பாள்.

கையில் கட்டுகிற எந்த வாட்சிலும் அழுக்கு சேரும். வியர்வை, உதிர்ந்த தோல், சோப்பு, தூசி, எல்லாம் சங்கிலியின் கண்ணிகளுக்கு நடுவே போய் அடைந்து இறுகும். பழைய வாட்சுகளில் அவன் எத்தனையோ முறை அதைச் சுரண்டியிருக்கிறான். ஆனால் இது வெறும் வியர்வை அழுக்கில்லை. மூடிய அறையில் ஐந்து நாள், கோடையில், ஊறிப்போன அழுக்கு. சாம்பலும் மஞ்சளுமாக மெழுகு போல் இருந்தது; கொக்கிமுனைக் கருவியால் நெம்பியதும் பிசுக்கென்று நூல் விட்டது. முதலில் புளித்த நாற்றம், அதற்கடியில் தித்திப்பு. அந்தத் தித்திப்புதான் அவன் தொண்டையை அடைத்தது. வாயால் மூச்சுவிட்டான். அப்போது அது நாக்கில் படிந்தது. எழுந்துபோய் வாந்தி எடுத்துவிட்டு, வாய் கொப்புளித்து, திரும்ப வந்து உட்கார்ந்தான். பல்லுக்கு மாவு குழைக்கும் கண்ணாடிப் பலகையில் அந்த அழுக்கை மொத்தமும் வழித்து, இரண்டு சொட்டு வெந்நீர் விட்டுக் குழைத்து, போலியின் கண்ணிகளில் இடுக்கு விடாமல் அப்பினான். மிஞ்சியதைப் பின்மூடி விளிம்பில் தடவினான். அசலை அதிர்வுத் தொட்டியில் போட்டுக் கழுவினான். தண்ணீர் சாம்பல் நிறமானது. மேலே ஒரு மெல்லிய ஆடை படர்ந்தது. அதில் ஒரு மயிர் மிதந்தது.

அக்கா போலியை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணை மூடினாள். அத்தான் செத்து அன்றுதான் முதல்முறையாக அழுதாள். "அவரேதான்டா" என்றாள்.

இதெல்லாம் நினைவில் உருள, சனிக்கிழமை மத்தியானம் கருவிப்பெட்டியோடு அக்கா வீட்டுக்குப் போனான். வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே எல்லாத் திரைச்சீலைகளும் இழுத்து விடப்பட்டிருந்தன. கூடத்தில் அத்தானின் சவர சோப்பு வாசனை. மேசையில், நான்காக மடித்த கைக்குட்டையின் மேல், வாட்ச் கொக்கி மாட்டியபடி வளையமாகக் கிடந்தது.

வளையத்தின் உட்புறம் முழுக்க ஏதோ புடைத்திருந்தது. விரல் தடிமனுக்கு, வெளிறிப்போய், கண்ணிகளின் இடுக்குகளில் பிதுங்கிக்கொண்டு. வீங்கிய விரலில் மோதிரம் பதிந்திருக்குமே, அப்படி எஃகு அதில் பதிந்திருந்தது.

கருவியின் முனையால் தொட்டான். குழிந்தது. பிறகு மெதுவாக, தானாக, மேலெழும்பியது. அவன் தினமும் ஈறு அச்சுகளைப் பார்ப்பவன். நல்ல ஈறில் ஆரஞ்சுத் தோல் போலப் பொடிப் பொடியாகப் புள்ளி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். இதிலும் இருந்தது. கொஞ்சம் அழுத்தினான். பால் போல ஏதோ கசிந்து அவன் நகக்கண்ணில் இறங்கியது. வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே துடித்தது. வாட்சின் இயந்திரம் வினாடிக்கு எட்டுத் தட்டு தட்டும். இது அந்தத் தட்டு இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினான். நிமிடத்துக்கு எழுபத்திரண்டு.

"பூஞ்சைக்கா" என்றான். குரல் எங்கிருந்தோ வந்தது. "ஈரத்துல வர்றது. குடு, எடுத்துட்டுப் போய்க் கழுவிட்டுத் தரேன்."

அக்கா வாட்சின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள். "வேண்டாம். நீ கழுவினதெல்லாம் போதும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். இது போலி, அசல் என்னிடம் இருக்கிறது, தூக்கி எறி என்று. சொன்னால் அவளுக்கு மிச்சமிருந்த புருஷனும் போவார். அவனுக்கு அக்கா போவாள். சொல்லாமல் எழுந்து வந்துவிட்டான். கருவிப்பெட்டியை எடுக்கவும் மறந்துவிட்டான். வீட்டில் நகத்தை ஒட்ட வெட்டினான், விரலை எலுமிச்சம்பழத்தில் தேய்த்தான். தித்திப்பு போகவில்லை. சோற்றைப் பிசையும்போதெல்லாம் வந்தது. கரண்டியால் சாப்பிட ஆரம்பித்தான்.

அக்கா போனில் பேசும்போது குரலில் தெம்பு கூடிக்கொண்டே வந்தது.

"இப்ப இறுக்கலடா. சரியா உட்கார்ந்திடுச்சு."

இரண்டு நாள் கழித்து: "தோல் காயுதுன்னு எண்ணெய் தேய்ச்சுவிட்டேன்."

அதற்கடுத்த வாரம்: "நேத்து நகம் வெட்டிவிட்டேன்."

"யாருக்குக்கா?"

அவள் சிரித்தாள். அவனுக்கு வைக்கத் தோன்றவில்லை. போனைக் காதில் பிடித்தபடியே நின்றான். அந்தப் பக்கம், அவள் சிரிப்புக்குப் பின்னால், மேசைப் பலகையில் எதுவோ தாளம் போட்டது. சுண்டுவிரலிலிருந்து ஆள்காட்டி வரை, நான்கு தட்டு. சாப்பாடு வரத் தாமதமானால் அத்தான் அப்படித்தான் தட்டுவார்.

அன்று மாலை அவன் கையிலிருந்த அசல் நின்றுவிட்டது. அந்த வாட்சுக்கு மின்கலம் கிடையாது. உள்ளே ஒரு அரைவட்டத் தகடு இருக்கிறது. கை அசைய அசைய அது சுழன்று வில்லை முறுக்கும். கட்டியிருப்பவன் கை அசைகிறவரை அது ஓடும். அவன் நாள் முழுக்கக் கையால் வேலை செய்கிறவன். பள்ளத்தைத் தடவிப் பிடித்துத் திறந்து பார்த்தான். வில் முறுக்கேறியிருந்தது. எண்ணெய் இருந்தது. ஒரு சக்கரப் பல்கூட உடையவில்லை. ஓடுவதற்கு எல்லாம் இருந்தது. ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். கொடுத்துவிடுவது, காலில் விழுவது, அந்தக் கண்றாவியைக் கொளுத்துவது.

அக்கா தலை வாரி, நல்ல புடவை கட்டியிருந்தாள். கூடத்தில் சோப்பு வாசனை இல்லை. அந்தத் தித்திப்பு மட்டும்தான். மேசையில் துண்டு போட்டு எதையோ மூடியிருந்தாள். பக்கத்தில் அவன் விட்டுப்போன கருவிப்பெட்டி, திறந்தபடி.

"உட்காரு. உன் ஊசிக்கண்ணால பார்த்துச் சொல்லு. ஒரு குறை விடக் கூடாது."

துண்டை எடுத்தாள்.

ஒரு கை. வாட்ச் கட்டிய இடது கை, மேசைமேல் மல்லாந்து கிடந்தது. ஒரு பக்கம் உள்ளங்கையும் விரல்களும். மறுபக்கம் முழங்கைக்குச் சற்று முன்வரை போய், அங்கே இன்னும் உறையாத மெழுகாக, சாம்பலும் மஞ்சளுமாக, ஈரம் மினுங்கி முடிந்தது. முடிந்த இடம் மெல்ல மெல்ல முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது.

உட்கார்ந்த நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். ஆனால் கண் பழக்கதோஷத்தில் வேலையை ஆரம்பித்துவிட்டது. மயிர்கள் நாற்று நட்டதுபோல ஒரே இடைவெளியில். ஐந்து விரல் நுனியிலும் ஒரே ரேகை, அச்சு எடுத்ததுபோல. நகங்களில் பிறை இல்லை. உள்ளங்கைக் கோடுகள் மூன்றும் அளவுக்கு மீறிய கூர்மை. தூரத்திலிருந்து பார்த்தால் அத்தான். கிட்டத்தில்...

"தெரியுதில்ல?" என்றாள் அக்கா. "எனக்கும் தெரியுதுடா. கையைக் கோத்துக்கிட்டா தெரியுது. பிடி அவரோடது இல்ல."

அவன் சட்டைப்பையிலிருந்து அசலை எடுத்து மேசையில் வைத்தான். "அக்கா... இதான் அத்தானோடது. உன்கிட்ட இருக்கறது..."

"தெரியும்."

"எப்ப..."

"நீ குடுத்த அன்னைக்கே. ஆட்டினா உள்ள மணல் மாதிரி கரகரன்னுது. அவர் வாட்சுல அந்தச் சத்தம் வராது." அவள் அசலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதைக் கழுவிட்டியேடா. அதுல அவர் இல்ல. இதுல இருந்தார். அதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

"கொளுத்திடலாம்கா."

"நீதானே சொன்னே. ஒரு அசல் போட்டா மத்ததெல்லாம் பல்லைக் காட்டும்னு." சின்ன வயதில் தலை வாரிவிடும்போது பிடிப்பதுபோல அவன் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். "இதுல அழுக்கு ஒண்ணுதான் அசல். மீதியை மாத்தணும். நடுவுல நிறுத்த முடியாதுன்னியே."

"எதை வச்சு மாத்தறது?"

அவள் அவன் விரல்களைப் பார்த்தாள். பிறை விழுந்த நகங்களை. ஒழுங்கில்லாத மயிர்களை.

எழ நினைத்தான். அக்கா மோவாயை விடவில்லை.

மேசையில் நான்கு தட்டு.

கை புரண்டது. விரல்களால் நடந்து வந்தது. பின்னால் ஈரத் தடம். வந்து அவன் இடது மணிக்கட்டைப் பிடித்தது. வெதுவெதுப்பு. பிசுக்கு. முரட்டுத்தனமே இல்லை. நல்ல வாட்சைத் திருப்புவதுபோல, பதமாக, மல்லாக்கத் திருப்பியது.

அதன் கட்டைவிரல் அவன் மணிக்கட்டின் கோட்டில் பதிந்தது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தடவியது. மெதுவாக. திரும்ப வந்தது. ஓர் இடத்தில் நின்றது.

அங்கே ஒரு சிறு பள்ளம் இருந்தது.