நாய்க்குப் போடுகிற ஊசி

காலை எட்டரைக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். கணவனுக்கு அவள் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தபோது, அவனுடைய அண்ணன் வாசற்கதவைச் சாத்தி அதில் முதுகைக் கொடுத்து நின்றார். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு.

அவர் கால்நடை மருத்துவமனையில் கம்பவுண்டர். சீட்டில் எழுதியிருந்த மருந்தை இருபது வருடமாக ஊசியில் ஏற்றி வருகிறவர்.

"கெட்டமின்... இது என்னன்னு தெரியுமா உனக்கு? காலொடிஞ்ச நாயைத் தைக்கிறதுக்கு முன்னாடி நான் போடுற மயக்க ஊசி. இதையா என் தம்பிக்குப் போட்டுக்கிட்டு வர்றே?"

கரண்டியோடு வந்த மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கணவன் லிப்ட் மெக்கானிக். எட்டு மாதத்துக்கு முன், கூட வேலை பார்த்தவன் அவன் கண்ணெதிரே லிப்ட் குழியில் விழுந்து செத்துப்போனான். அன்றோடு இவனுக்குப் பேச்சு நின்றது. கதவு படாரென்று சாத்தினாலே உடம்பு வியர்த்துக் கொட்டும். மாற்றி மாற்றிக் கொடுத்த மாத்திரை எதுவும் கேட்கவில்லை. பிறகுதான் பெரிய டாக்டர் இதைச் சொன்னார். மனிதருக்கும் ஆபரேஷனில் போடுகிற மருந்துதான். இங்கே மனம் தேறுவதற்காகக் கொஞ்சமாக, நாற்பது நிமிடம் சொட்டுச் சொட்டாக ஏறும். எல்லோருக்கும் பலிக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். மூன்று தடவை முடிந்து இன்று நான்காவது.

இதை அவள் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால், எதனால் போனோம் என்பதையும் சொல்ல வேண்டிவரும்.

"அன்னைக்கு அவன் சட்டையைப் பிடிச்சுக் கிழிச்சே," என்றாள் மாமியார். "ஏன்னு கேட்டா வாயைத் திறக்கல. இப்ப நாய் மருந்து. ஆளையே முடிச்சிடலாம்னு பார்க்கிறியா?"

இரண்டு மாதமாகத் தெருவில் அவளுக்கு 'சட்டை கிழிச்சவ' என்றுதான் பேர். அதையும் விழுங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

"நேரமாச்சு மாமா," என்றாள். "நடுவுல விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. கதவைத் திறங்க."

அவர் அசையவில்லை.

"அண்ணே..."

எட்டு மாதமாகக் கேட்காத குரல். மூன்று பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

"கிழிச்சது அவதான். மொட்டை மாடிச் சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காலை வச்சிட்டேன். பின்னால ஓடி வந்து இழுத்தா. கையில சட்டைதான் சிக்குச்சு." மூச்சு வாங்கினான். "யார்கிட்டயும் சொல்லாதேன்னு நான்தான் சைகையில கெஞ்சினேன்."

மாமியார் எழுந்து போய்த் தன் பெட்டியைத் திறந்தாள். சொந்தக்காரர்கள் வந்தால் மருமகளின் லட்சணத்தைக் காட்டுவதற்கென்று அந்தச் சட்டையை அவள் மடித்து வைத்திருந்தாள். விரித்துப் பார்த்தாள். முன்பக்கம் ஒரு பொத்தான்கூட அறுந்திருக்கவில்லை. பின்கழுத்திலிருந்து நடுமுதுகு வரைக்கும் கிழிந்திருந்தது. இத்தனை நாள் அது கண்ணில் படவில்லை.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதாடி..." மருமகளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். இரண்டு மாதமாக அழாத மருமகளும் அப்போதுதான் உடைந்தாள்.

மூத்தவர் சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நாய்க்குப் போட்டா, அது கண்ணு முழிக்கிற வரைக்கும் நான் தலைமாட்டுல உக்காந்திருப்பேன். அங்க இவனுக்கு யாரு?"

"நர்ஸ் இருப்பாங்க. ரூமுக்கு வெளியே நான் இருப்பேன் மாமா."

"நானும் வர்றேன்," என்று சொல்லிக் கதவைச் சத்தம் வராமல் திறந்தார்.