வேல்வேலியை உடைத்த நாற்பது வாள்கள்

மாசித் திங்களின் முழுமதி கீழ்த்திசையில் எழுந்த அந்த வேளையில், மேற்கே கதிரவன் இன்னும் முழுதாக மறைந்திருக்கவில்லை. ஆகவே வெள்ளாற்றின் நீர்ப்பரப்பு ஒருபுறம் செம்பொன்னாகவும் மறுபுறம் வெண்பொன்னாகவும் மின்னி, இரண்டும் கலக்கும் நடுவாற்றில் இன்ன நிறமென்று சொல்ல இயலாதபடி ஓடிக்கொண்டிருந்தது. நாணற் புதர்களிலிருந்து எழுந்த நாரைகள் வழக்கம்போல் வடகரை மருதமரங்களை நாடிப் பறந்து வந்து, தாங்கள் அடையும் கிளைகளின் கீழே ஆயிரக்கணக்கான மனிதர்களும் குதிரைகளும் நிறைந்திருப்பதைக் கண்டு, தென்கரைக்கே திரும்பிச் சென்றன.

அந்த வடகரையில் இரண்டு படைகள் இறங்கியிருந்தன. மேற்கே இருந்தது தாழைக்கோட்டைப் படை. கிழக்கே, அறுவடை முடிந்த வயல்வெளி ஒன்றுக்கு அப்பால், முந்தின நாள் ஆற்றைக் கடந்து வந்திருந்தது நெடுமலை அரையரின் படை. தாழைக்கோட்டை அதனிடம் ஏற்கெனவே இருமுறை தோற்றிருந்தது. முதல் தோல்வி கூவிளம்பாடியில். அங்கேதான் தாழைக்கோட்டை மன்னர் மாண்டார். அவருடைய ஒரே மகள் விடங்கி நங்கை இருபத்து நான்காம் வயதில் அரசியானாள். மூன்றாம் முறையும் தோற்றால், கோட்டைக்கும் பகைவனுக்கும் இடையே பருத்திக் காடுகளைத் தவிர வேறொன்றும் இல்லை.

இரண்டு தோல்விகளுக்கும் காரணம் ஒன்றே. அரையரின் வீரர்கள் பத்து முழ வேல்களை நீட்டி, மூன்று வரிசையாகத் தோளோடு தோள் நெருங்கி, ஒரே உடலைப் போல நடந்து வந்தார்கள். அந்த அணிக்கு வேல்வேலி என்று பெயர். அதை அமைத்தவனை வேலிக்கோன் என்று அழைத்தார்கள். முகம் மறைக்கும் தலைக்கவசம் அணிந்து போரிட்டவன் ஆகையால் தாழைக்கோட்டையில் அவன் முகத்தைக் கண்டவர் ஒருவரும் இல்லை.

அரசியின் கூடாரத்துக்குள் அப்போது மூவர் இருந்தனர். அரசி அமர்ந்திருந்தாள். அவளுக்கு வலப்புறம் நின்ற முதியவர் படைத்தலைவர் காரி மழவராயர். கூவிளம்பாடியில் தம் ஒரே மகனைப் பறிகொடுத்தவர். எதிரே நின்றவன் மூன்று திங்களுக்கு முன் நாற்பது வீரர்களோடு வந்து பணியில் சேர்ந்தவன். தன் பெயர் சாத்தன் என்பதற்கு மேல் அவன் தன்னைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. அந்த நாற்பது பேரும் ஏந்தியிருந்தது இருகை வாள். ஊன்றி நிறுத்தினால் ஆளின் மார்பளவு நிற்கும். பிடி மட்டும் ஒரு முழத்துக்குக் குறையாது.

"சாத்தரே, அவ்வளவு பெரிய வாளால் என்ன செய்வீர்? வேல்களை வெட்டி வீழ்த்துவீரா?" என்று அரசி கேட்டாள்.

"வீழ்த்துவதாகப் பாணர்கள் பாடுவார்கள், தேவி. மூங்கிலும் மரமும் அவ்வளவு எளிதில் வெட்டுப்படா. நாங்கள் வேல்களை அடித்து ஒதுக்குவோம். மூன்று வேல்கள் ஒரு நொடி ஒதுங்கினால் ஒரு வாசல் திறக்கும். அந்த வாசலில் குறுவாளும் கேடயமும் ஏந்திய தங்கள் வீரர் குனிந்து நுழைய வேண்டும். நெருங்கி வந்தவனை நீண்ட வேல் ஒன்றும் செய்யாது."

மழவராயர் இடைமறித்தார். "இரு கையும் வாளில் இருந்தால் கேடயம் எந்தக் கையில் இருக்கும்? வேலிக்குப் போய்ச் சேருமுன்பே அம்புகள் உங்களைக் கொன்றுவிடுமே!"

"உண்மை, ஐயா. அதனால் முப்பது அடி தொலைவு வரையில் தங்கள் கேடயக்காரர் எங்களுக்கு முன்னே நடக்கட்டும். பிறகு அவர்கள் மண்டியிட வேண்டும். நாங்கள் அவர்களைத் தாண்டி ஓடுவோம்."

"நாற்பது பேரும் ஒரே கூட்டமாகவா?"

"அப்படி ஓடினால் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வோம். வாள் சுழல இடம் வேண்டும். ஒருவனுக்கும் அடுத்தவனுக்கும் நான்கு முழ இடைவெளி. இரண்டு வரிசை, முன்வரிசையின் இடைவெளிக்கு நேரே பின்வரிசை வீரன். வாசல் திறந்ததும் எங்கள் வேலை முடிந்தது. நெரிசலில் இந்த வாள் வெறும் சுமைதான். உடனே பின்வாங்கித் தங்கள் கொடியைச் சூழ்ந்து நிற்போம்."

அரசி அவனைக் கூர்ந்து நோக்கினாள். மூன்று திங்களாக அவள் அவனை அப்படித்தான் நோக்கி வந்தாள் என்பதையும், அது முழுக்க முழுக்க அரசியல் நோக்கு அல்ல என்பதையும் இங்கே மறைப்பதற்கில்லை, வாசகர்களே.

"இதற்கு என்ன கேட்கிறீர்?"

"ஒன்றே ஒன்று. வேலியை இப்போது நடத்துபவன் கொற்றன் என்ற இளைஞன். அவனை உயிரோடு பிடிக்க வேண்டும்."

"ஏன்?"

"அதை நாளைப் பொழுது சாயும்போது சொல்கிறேன், தேவி."

மழவராயரின் முகம் கறுத்தது. ஆனால் அவரிடமும் வேறு வழி இல்லை. அரசி தலையசைத்தாள்.

மறுநாள் பனி விலகியதும் போர் தொடங்கியது. வயலின் நெல் அரிதாள்களை மிதித்துக்கொண்டு வேல்வேலி நகர்ந்து வந்தது. அதன் முன்னே பறந்து வந்த அம்புகள் கேடயங்களில் தைத்தன. முப்பது அடி தொலைவில் மழவராயரின் கொம்பு ஒலித்தது. கேடயக்காரர் மண்டியிட்டனர். நாற்பது இருகை வாள்களும் அவர்களைத் தாண்டிச் சென்றன.

அடுத்து நிகழ்ந்தது, ஒரு பானைச் சோறு பொங்கி அடங்கும் நேரத்துக்குள் நிகழ்ந்து முடிந்தது. சாத்தனின் முதல் வீச்சு இரண்டு வேல்களை இடப்புறம் தள்ளியது. மீண்டு வந்த வீச்சு மூன்றாவதைத் தரையில் அழுத்தியது. அவனுக்கு வலப்புறம் நின்றவன் மார்பில் வேல் பாய்ந்து விழுந்தான்; பின்வரிசையிலிருந்து ஒருவன் அந்த இடத்துக்கு வந்தான். வேல்காரர்களோ பின்வாங்க முடியாதவர்களாக இருந்தனர். அவர்களுடைய நெருக்கமே அவர்களைக் கட்டிப்போட்டது. நான்கு இடங்களில் வாசல் திறந்தது. குறுவாள் வீரர்கள் தண்டுகளுக்குக் கீழே தவழ்ந்தும் குனிந்தும் உள்ளே புகுந்தார்கள். பத்து முழ வேல்களைக் கைவிட்டவர்கள் பிழைத்தார்கள், கைவிடாதவர்கள் பிழைக்கவில்லை.

வேலி உடைந்ததைக் கண்ட நெடுமலை அரையர் தம் குதிரைப் படையைத் தாழைக்கோட்டைக் கொடியை நோக்கி ஏவினார். கொடியின் கீழே அரசி இருந்தாள். அதற்குள் திரும்பி வந்துவிட்ட இருகை வாள் வீரர்கள் அகன்ற வட்டமாக நின்று வாள்களைச் சுழற்றினார்கள். அந்தச் சுழற்சிக்குள் நுழையக் குதிரைகள் மறுத்தன. நுழைந்த சில, கால் வெட்டுண்டு சரிந்தன. மழவராயர் பக்கவாட்டில் வந்து தாக்கியபோது அரையர் ஆற்றை நோக்கித் திரும்பிவிட்டார். உச்சிப் பொழுதில் வடகரையில் பகைவர் எவரும் இல்லை. இறந்தவரும் பிடிபட்டவரும் மட்டுமே இருந்தனர்.

கொற்றனைக் கைகளைக் கட்டி, கூடார வாசலில் நின்ற அரசியின் முன்னே கொண்டுவந்தார்கள். அவனுக்கு இருபது வயது இருக்கலாம். அரசியின் அருகே வாளை ஊன்றி நின்றவனைப் பார்த்ததும் அவன் அலறினான்.

"அண்ணா! நீ கட்டிய வேலியை நீயே உடைத்தாயா? வேலிக்கோன் என்ற பெயர் உனக்கு அவ்வளவு கசந்துவிட்டதா?"

மழவராயரின் வாள் உறையை விட்டுப் பாதி வெளியே வந்தது.

"உண்மையா?" என்று கேட்டாள் விடங்கி நங்கை.

"உண்மை, தேவி. கூவிளம்பாடியில் முன்னேறச் சொல்லிக் கொம்பு ஊதச் சொன்னவன் நான்தான். எதிரே இருந்தது தங்கள் தந்தையின் கொடி என்பதும் எனக்குத் தெரியும்."

"பிறகு ஏன் இங்கே வந்தீர்?"

"போர் முடிந்த பிறகு, களத்தில் குற்றுயிராகக் கிடந்தவர்களையெல்லாம் வேலால் குத்திவிடும்படி அரையர் கட்டளையிட்டார். அது என் வேலை அல்ல என்று சொன்னேன். நான் இல்லாமலே வேலை நடந்தது. எனக்குக் கழுமரம் என்று முடிவானது. இந்த நாற்பது பேரோடு வெளியேறினேன். தம்பி வர மறுத்துவிட்டான்."

மழவராயரின் மகன் தொடையில் மட்டும் காயம் பட்டுக் கிடந்தவன் என்பதைத் தாழைக்கோட்டையில் எல்லோரும் அறிவார்கள். கிழவர் சாத்தனின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். "என் பிள்ளை இடுப்பில் பச்சைக் கச்சை கட்டியிருந்தான். பார்த்தாயா?" என்று கேட்டார்.

"பார்த்தேன், ஐயா. தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். கட்டளை அதற்குப் பிறகுதான் வந்தது."

மழவராயர் வாளை உறைக்குள் தள்ளிவிட்டு, யாரிடமும் விடை பெறாமல் கூடாரத்தின் பின்புறம் சென்றார்.

அரசி பேசியபோது அவளுடைய குரலில் நடுக்கம் இல்லை. ஆனால் முகத்தை ஆற்றின் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"என் தந்தையின் சாவுக்குக் காரணமானவரை என் கோட்டைக்குள் அழைத்துச் செல்ல என்னால் இயலாது. இன்று என் கொடியைக் காத்தவரைக் கழுவில் ஏற்றவும் இயலாது. தம்பியை அழைத்துக்கொண்டு புறப்படும்."

சாத்தன் இருகை வாளைத் தரையில் கிடத்தி, அதன்மேல் வலக்கையை வைத்தான்.

"தென்கரைத் துறையில் தங்குகிறேன், தேவி. என் உடலில் உயிர் இருக்கும் வரையில் நெடுமலையின் ஒரு வேல்கூட அந்தத் துறையைக் கடக்காது. தாங்கள் அழைத்தாலன்றி நானும் அதைக் கடந்து வடகரையை மிதிக்க மாட்டேன். இது ஆணை."

நாற்பது பேரில் எஞ்சியிருந்த இருபத்து மூவரோடும் தம்பியோடும் அவன் அன்று மாலையே முழங்காலளவு நீரில் இறங்கி ஆற்றைக் கடந்தான்.

வாசகர்களே, பதினோர் ஆண்டுகள் அவன் அந்தச் சபதத்தைக் காத்தான். அரையர் இருமுறை படை நடத்தி வந்து, இருமுறையும் துறையைக் காணாமலே திரும்பினார். அரசி அவனை அழைக்கவும் இல்லை. வேறு எவருக்கும் மாலை சூட்டவும் இல்லை. ஆனால் ஆண்டுதோறும் வெள்ளம் வடிந்ததும் அவள் வெள்ளாற்றின் வடகரைக்கு வந்து, துறையின் காவலைத் தானே பார்வையிட்டாள். எதிர்க்கரையில் ஒருவன் வாளை ஊன்றிக்கொண்டு நிற்பதை ஒரு நாழிகை பார்த்துவிட்டுத் திரும்பினாள். துறைக்காவலைப் பார்வையிடுவது படைத்தலைவரின் பணி. காரி மழவராயர் அதை அவளுக்கு ஒருமுறைகூட நினைவூட்டவில்லை.