மொத்தம் மாறக் கூடாது

பதினேழு நோயாளிகள் என்று அவர் எழுதிய தெருவில் சரியாகப் பதினேழு பேரே இருந்தார்கள் என்பதுதான் முதலில் உறுத்தியது.

சுகாதார அலுவலகத்தின் புள்ளிவிவர அதிகாரி அவர். நரம்புச் சிலந்தி நோய் எந்தத் தெருவில் ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று மாதாமாதம் கோடு வரைந்து அனுப்புவது வேலை. குளத்துத் தண்ணீரை அப்படியே குடிப்பவன் வயிற்றுக்குள் புழு போகும். ஒரு வருடம் கழித்துக் கணுக்காலைப் பொத்துக்கொண்டு வெள்ளை நூலாக வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் அவன் அதே குளத்தில் காலை விட, புழு அங்கே ஆயிரக்கணக்கில் குட்டி போட்டுவிடும். துணியில் வடிகட்டிக் குடிக்கக்கூடத் துப்பில்லாத ஜென்மங்கள் என்பது அவருடைய ஆய்வு முடிவு. அந்த நாற்றத்துக்குள் போய் யார் எண்ணுவது? போன வருடத்து எண்ணில் கொஞ்சம் குறைப்பார். வயது, ஆணா பெண்ணா, எந்தக் கால் எல்லாம் நாற்காலியில் சாய்ந்தபடியே வந்துவிடும்.

புதிதாக வந்த நர்ஸ் மட்டும் வேலையற்று வீடு வீடாகப் போய்விட்டு வந்தாள்.

"சார், குளத்தங்கரைத் தெருவுல பதினேழு பேரு. நீங்க எழுதின வயசு, நீங்க எழுதின காலு. அச்சு அசலா அப்படியே இருக்கு."

"அதுக்குப் பேருதாம்மா அனுபவம். நீ வெயில்ல அலைஞ்சதுதான் மிச்சம்."

அவள் சிரிக்கவில்லை. "உங்க தெருவுலயும் ஒண்ணு போட்டிருக்கீங்களே சார். பெண், ஒன்பது வயசு, இடது கால்."

நல்ல தெருக்கள் எல்லாமே சைபராக இருந்தால் மேலிடம் சந்தேகப்படுமே என்று போட்டது. அங்கே ஒன்பது வயதுப் பெண் ஒருத்திதான் இருக்கிறாள் என்பது அப்போது தோன்றவில்லை.

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, பாப்பா கால்ல கொப்புளம். எரியுது எரியுதுன்னு பக்கெட்டுக்குள்ள விட்ட காலை எடுக்கவே மாட்டேங்குறா. உள்ள என்னமோ நெளியுதுங்க..."

நர்ஸை வெளியே அனுப்பிவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார். பழைய காகிதமும் மூட்டைப்பூச்சி மருந்தும் கலந்த வாசனையின் அடியில், இத்தனை வருடம் இல்லாத ஒரு பாசி வாடை மெல்லக் கசிந்து வந்தது. தன் தெருவில் போட்ட அந்த ஒன்றை அடித்துவிடலாம். ஆனால் மொத்தத்தைக் காலையிலேயே தலைமை அலுவலகத்துக்குச் சொல்லியாயிற்று. மொத்தம் மாறக் கூடாது. இங்கே குறைந்தால் வேறெங்காவது கூட வேண்டும்.

எங்கே என்பதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒன்று கூடினால் யாருக்குத் தெரியப்போகிறது? தன் தெருவைச் சைபராக்கினார். பதினேழைப் பதினெட்டாக்கினார். புதிதாக ஒரு ஆளை யோசிக்கச் சோம்பல். பெண், ஒன்பது, இடது கால் என்று இருந்ததை அப்படியே அங்கே எழுதினார். கையெழுத்துப் போட்டு, மாலை வண்டியில் பதிவேட்டை அனுப்பியும் விட்டார்.

வீட்டில் மனைவி பாட்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாப்பாவுக்கு எப்படி இருக்கு?"

"எந்தப் பாப்பாவுக்கு?"

"விளையாடாதே. நம்ம பாப்பா."

அவள் பாட்டை நிறுத்தினாள். "நமக்கு ஏதுங்க பாப்பா?"

குழந்தையின் அறைக் கதவைத் தள்ளினார். கட்டில் இல்லை. தையல் மிஷின். அதன்மேல் நெடுநாள் தூசி.

ஓடினார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு நாளும் மிதிக்காத தெருவுக்கு. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குளத்துப் படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், கால்கள் நீருக்குள். முதல் முறையாக எண்ணினார்.

பதினைந்து. பதினாறு. பதினேழு.

கடைசியில் அவள்.

"பாப்பா!"

அவள் பக்கத்தில் இருந்த பெண்ணின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, யாரும்மா இந்த ஆளு?"

"ஆபீஸ்காரரு. எண்ண வந்திருக்காரு. நீ காலை எடுக்காத, எரியும்."

குழந்தை அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தது. மூக்கைச் சுளித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பச்சைத் தண்ணீருக்குள் அவளுடைய இடது கணுக்காலிலிருந்து வெள்ளை நூல் ஒன்று இறங்கியது. நீண்டது. இன்னும் நீண்டது. பதினெட்டுக் கால்களிலிருந்தும் பதினெட்டு நூல்கள், அவசரமே இல்லாமல், அவர் நின்ற படியை நோக்கி.